கொஞ்சம் என்று ஒன்று கிடையாது

கிளாங் ஸ்டேஷனில் காலைக் கொமுட்டர் ரயிலுக்கு நிற்கிற பெண்களுக்கெல்லாம் அவர் முட்டை அக்கா. ரயில் சிநேகம் அப்படித்தான். வருஷக்கணக்காகத் தோள் உரச உட்கார்ந்து போவோம், ஒருத்தி வீட்டு மாமியார் சண்டை வரைக்கும் இன்னொருத்திக்குத் தெரிந்திருக்கும், பெயரை மட்டும் கேட்டிருக்க மாட்டோம். நாளாகிவிட்டால் கேட்கவும் கூச்சமாக இருக்கும். அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. நான் அவருக்குத் தங்கச்சி.

ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது என்பதால் அக்காவின் பசியாறல் பிளாட்பார பெஞ்சிலேயே முடிந்துவிடும். டப்பாவைத் திறந்தால் அவித்த முட்டை இரண்டு, வெள்ளரிக்காய்த் துண்டுகள், ஒரு சின்னப் பொட்டலத்தில் மிளகுத்தூள். அவ்வளவுதான். மழையானாலும் தீபாவளிக்கு முந்தின நாளானாலும் அதேதான். பக்கத்தில் நான் என் தோசைப் பொட்டலத்தைப் பிரித்தேனோ, அக்கா சற்று நகர்ந்து உட்கார்வார். தோசையின் காற்று பட்டாலே சுகர் ஏறிவிடும் என்று பயந்தவர் மாதிரி.

எங்கள் இருவருக்கும் ஒரே வியாதி, இனிப்பு நீர், அதாவது சுகர். மாத்திரைகளும் ஒரே மாதிரிதான். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. நான் அரைத் தோசைக் கட்சி. காய்கறியையும் மீனையும் முதலில் தின்றுவிட்டு, கடைசியில் சோறோ தோசையோ அளவாக உள்ளே தள்ளி, கேஎல் சென்ட்ரலில் இறங்கியதும் ஆபிசுக்குச் சுற்று வழியில் நடந்து போவேன். ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு இந்த அரை, கால், அளவு எதுவும் ஆகாது. அவர் பூஜ்யக் கட்சி.

"சோறும் நானும் பேச்சுவார்த்தை இல்ல தங்கச்சி," என்று பழகிய முதல் வாரமே சொல்லிவிட்டார். கூடப் பிறந்தவரோடு முறித்துக்கொண்டவர்கள் ஒரு முகம் வைத்துக்கொண்டு பேசுவார்களே, அந்த முகத்தோடு. சோற்றோடு மட்டுமா? அந்த வீட்டு ஆட்கள் யாரோடும் பேச்சு கிடையாது. இட்லி சோற்றுக்குத் தங்கச்சி. தோசை சித்தப்பா மகன். புட்டு, இடியப்பம், அரிசிச் சேமியா மீஹூன் எல்லாம் அந்தக் கூட்டம்.

"மரவள்ளிக்கிழங்கு அரிசி இல்லையேக்கா?" என்று ஒரு நாள் வம்புக்கு இழுத்தேன்.

"அது அந்த வீட்டுக்குச் சம்பந்தி."

"ரொட்டி சானாய்? அது கோதும மாவுப் பரோட்டாவாச்சே?"

"அது அடுத்த தெரு. ஆனா ராத்திரிப் பகலா அந்த வீட்டுலதான் கெடக்கும்."

பெண்கள் பெட்டியே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொன்னால்தானே?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணிப் பிரிவில் அவருக்கு வேலை. நான் வேலை பார்க்கிற வக்கீல் ஆபிஸ் இரண்டு தெரு தள்ளி. ஒரு மத்தியானம் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இன்றைக்கு நினைத்தாலும் அது ஒரு கூத்து. பரிமாறுகிறவர் சோற்று வாளியோடு வந்து கரண்டியைத் தூக்கினார். அக்கா இரண்டு கையையும் விரித்து இலைமேல் கவிழ்த்துவிட்டார்.

"கொஞ்சமா போடவா அக்கா?"

"வேணாம் தம்பி."

"ஒரு கரண்டி? கொழம்பு ஊத்தணும்ல, எதுல ஊத்துறது?"

"தம்பி, கொஞ்சம்னு ஒண்ணு கிடையாது. உண்டு, இல்ல, ரெண்டுதான். கொழம்ப முட்டக்கோஸ் மேல ஊத்து."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் அப்பளத்தைப் பார்த்தேன். மீன் குழம்பு முட்டைக்கோஸ் மேல் இறங்கியது. அக்கா கீரையும் பொரித்த மீனும் ஆட்டிறைச்சிப் பிரட்டலுமாக வெளுத்துக்கட்டி, ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்து, திருப்தியாக இலையை மடித்தார். என் இலையில் இருந்த சோற்றை ஒரு தடவைகூடக் கண்ணால் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"எக்கா, வாய்க்கு நமநமன்னு இருக்காதா?" என்று வெளியே வரும்போது கேட்டேன்.

"மொத மாசம் இருந்துச்சு. அப்புறம் அதுக்கே வெக்கமாப் போயி விட்டுருச்சு," என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, அக்காவின் வழி அக்காவுக்கு நன்றாக வேலை செய்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ரத்தப் பரிசோதனை முடிந்ததும் இருவரும் ரிப்போர்ட்டை ரயிலில் விரித்து வைத்துக்கொள்வோம், பள்ளிப் பிள்ளைகள் மார்க் பார்ப்பதுபோல. என்னுடையதைப் பார்த்து டாக்டர், "ஓகே லா, போன தடவைய விடப் பரவால்ல" என்றிருப்பார். அக்காவுக்கு டாக்டரே எழுந்து கைகொடுத்திருப்பார். ஒரு மாத்திரையைக்கூட நிறுத்திவிட்டார்கள். எனக்கு வயிறு எரியும். பசியால் இல்லை.

அந்த எரிச்சலில் நானும் ஒரு தடவை பூஜ்யக் கட்சியில் சேர்ந்து பார்த்தேன். அலாமாக், அந்தக் கொடுமையை ஏன் கேட்கிறீர்கள்! இரண்டாம் நாள் ஆபிஸில் வக்கீலையே அதட்டினேன். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். வாரக் கடைசியில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில், கடலையும் சீனியும் வைத்துச் சுடச்சுட மடிக்கிற அப்பம் பாலிக் கடைமுன் நின்றது ஞாபகம் இருக்கிறது. எத்தனை தின்றேன் என்பது ஞாபகம் இல்லை. திங்கட்கிழமை அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"ஒண்ணுல நிறுத்தியிருக்கலாம்ல?" என்றார்.

"அதான் நானும் சொல்றேன். தெனம் கொஞ்சம் தின்னுக்கிட்டு இருந்தவரைக்கும் ஒண்ணுல நிறுத்துனேன். உங்களுக்குக் கதவச் சாத்துனா நிம்மதியா தூக்கம் வருது. எனக்குச் சாத்துனா ஜன்னல் ஏறிக் குதிக்கணும்னு தோணுது."

"நீ ஜன்னலயும் சாத்திருக்கணும்."

இப்படித்தான் ஷா ஆலம் வரை சண்டை, சுபாங் ஜெயா வரை சமாதானம், மறுபடி சண்டை என்று எங்கள் பயணம் போகும். நான் அவரை அசைக்க முடியவில்லை. அவரும் என்னைத் திருத்த முடியவில்லை. அடித்துக்கொள்வதற்கு ஆள் கிடைப்பதும் ஒரு கொடுப்பினைதான். அவர் லீவு போட்ட நாள்களில் எனக்கு அந்தத் தோசையே இறங்காது.

அவர் ஏன் இப்படி என்று நானாகக் கேட்கவில்லை. ஒரு நாள் ரயில் வழியில் நின்று போய், குளிரூட்டியும் நின்று, எல்லாரும் புழுங்கிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். அவர் வீட்டுக்காரருக்கும் இதே வியாதி. கொஞ்சமா சாப்பிட்டுக்கறேன், கொஞ்சமா சாப்பிட்டுக்கறேன் என்றே சொல்லி வந்தாராம். முதலில் கால் விரல் போனது. பிறகு சிறுநீரகம். கடைசியில் ஆளும். டயாலிசிஸ் நாற்காலி பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்த காலத்திலேயே அக்காவுக்கும் சுகர் என்று தெரிந்தது. "அன்னிக்கு வீட்டுக்கு வந்து அரிசி டின்ன எதுத்த வீட்டுல குடுத்துட்டேன். பயம் தங்கச்சி. எனக்கு டயட்டுன்னு ஒண்ணும் இல்ல, பயம்தான் டயட்டு," என்றார். அதற்கப்புறம் அவர் நகர்ந்து உட்கார்ந்தால் நான் கேலி செய்வதில்லை. நானும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பேன்.

அக்காவுக்கு ஒரே மகள். பந்திங்கில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி வெகு நாள் கழித்து அவள் உண்டானாள். அன்றைக்கு அக்கா பிளாட்பாரத்தில் வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ரயிலை அவரே இழுத்துக்கொண்டு போய்விடுவார் போலிருந்தது. பெட்டி முழுக்க எல்லார் கையிலும் பாதாம் பருப்பு வைத்தார்.

"நல்ல சேதிக்கு இனிப்பு குடுக்கணும்க்கா," என்றேன்.

"இனிப்பு குடுக்குற ஆளா நான்? மூடிக்கிட்டு மெல்லு," என்றார். கண் கலங்கி இருந்தது.

ஆறாம் மாதம் கிளினிக்கில் மகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கும் சுகர். கர்ப்ப காலத்தில் வருகிறது. சாப்பாட்டில் அடங்காவிட்டால் இன்சுலின் போட வேண்டியிருக்கும், விட்டுவிட்டால் குழந்தை வயிற்றிலேயே அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் சிக்கலாகும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அன்றைக்கே வாடகைக் காடி பிடித்துப் பந்திங் போய் மகளைக் கிளாங்குக்குக் கூட்டி வந்துவிட்டார். சம்பந்தியம்மா வாசலில் நின்று, "நாங்க பாத்துக்க மாட்டமா?" என்று கேட்டதற்கு, "நீங்க சோறு போடுவீங்க," என்று சொல்லிவிட்டு வந்தாராம். யாராவது சம்பந்தியிடம் இப்படிப் பேசுவார்களா?

பிறகு என்ன, அக்கா வீட்டில் அக்கா சட்டம். மகளுக்கும் முட்டை, மீன், கீரை, பாதாம். ஒரு பருக்கை சோறு கிடையாது, ஒரு துண்டு பப்பாளி கிடையாது. காலையில் ரயிலில் ஏறியதும் மகளின் வெறும் வயிற்றுச் சுகர் நம்பரைப் பெட்டிக்கே அறிவிப்பார். "நாலு புள்ளி ஏழு! நேத்து நாலு புள்ளி அஞ்சு!" லாட்டரி அடித்தவர் மாதிரி முகம்.

எனக்குத்தான் உள்ளுக்குள் உறுத்தியது. "அக்கா, நம்ம கத வேற. வயித்துப்புள்ளக்காரிக்குச் சோறே இல்லாம சரியா வருமா? கிளினிக்குல சொன்னீங்களா?"

"நம்பரே சொல்லுது. அவங்க வேற தனியா என்னா சொல்லணும்?"

"நம்பர் சரி. அவ எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா," என்றார். கொஞ்சம் தாமதித்துத்தான் சொன்னார்.

அடுத்த கிளினிக் நாளுக்கு மறுநாள் அக்கா டப்பா இல்லாமல் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார், முட்டை இல்லை. ரயில் ஏறினோம், நம்பர் இல்லை. ஷா ஆலம் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகளின் எடை ஏறாமல் இறங்கியிருக்கிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அங்கே போய்த்தான் வாய் திறந்திருக்கிறாள், அம்மாவிடம் சொல்லப் பயந்து. சிறுநீரில் கீட்டோன் இருக்கிறது, உடம்பு தன் கொழுப்பையே கரைத்துத் தின்கிறது, கர்ப்பத்தில் அது நல்லதல்ல என்றிருக்கிறார்கள். அங்கிருந்த டயட்டீஷியன் சின்ன வயசு மலாய்ப் பெண். அக்காவின் ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்து, "ஆன்டி, உங்க வழி உங்களுக்கு ரொம்ப நல்லா வேல செஞ்சிருக்கு. ஆனா இவங்களுக்கு வேற வழி. சோறு வேணும், அளவா வேணும், வேளாவேளைக்குப் பிரிச்சு வேணும். அதுக்கும் நம்பர் ஏறுனா எங்ககிட்ட மருந்து இருக்கு. பட்டினி மட்டும் வேணாம்" என்றாளாம்.

"திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல தங்கச்சி. அந்தப் புள்ள சிரிச்சிக்கிட்டே சொல்லுது. நான் எம்பொண்ண பட்டினி போட்டிருக்கேன். அவளுக்கு ஒண்ணு ஆயிருந்தா? வயித்துல இருக்குற புள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா?"

சொல்லிவிட்டுப் பெட்டி நடுவில் குலுங்கிக் குலுங்கி அழுதார். எதிரே நின்ற யாரோ ஒரு பெண் டிஷ்யூ நீட்டினாள். எனக்கும் சேர்த்து இரண்டு எடுத்துக்கொண்டேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்கா கேட்டார்: "ஒண்ணு கேக்குறேன், சிரிக்காத. கொஞ்சம் சோறுன்னா எவ்வளவு?"

நான் சிரிக்கவில்லை. டயட்டீஷியன் கப் அளவெல்லாம் காட்டித்தான் அனுப்பியிருந்தாள். அளவு இல்லை இவருடைய கவலை. ஒரு கரண்டி போட்டபின் அடுத்த கரண்டி போடாமல் கையை எப்படி நிறுத்துவது என்பது அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் வாழ்ந்த வீட்டில் ஒரு கரண்டி எப்போதும் ஒரு கரண்டியோடு நின்றதில்லை. நிறுத்துகிற அந்த வித்தையை நான் தினம் மூன்று வேளையும் படிக்கிறேன், பாதி நாள் பெயில்தான். ஆனாலும் படிக்கிறேன் அல்லவா? "சனிக்கெழம வரேன்க்கா," என்றேன்.

சனிக்கிழமை அவர் வீட்டில் சோறு வடிக்கிற மின்சாரப் பானையைத் தேடினால் அது பால்கனியில் இருந்தது. உள்ளே துணி மாட்டுகிற கிளிப்புகள். அதைக் கொட்டிக் கழுவி அரிசி போட்டோம். ஆவி கிளம்பி வாசனை வந்ததும் அறைக்குள் படுத்திருந்த மகள் எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள். வயிற்றில் ஒரு கை. "அம்மா, நெஜமாவா?" என்றாள், திருட்டுத்தனமாகக் கேட்பதுபோல. அக்கா கப்பை நிரப்பித் தட்டில் கொட்டினார். பாதியைத் திரும்ப எடுத்தார். நான் முறைத்தேன். திரும்பப் போட்டார்.

"மொதல்ல கீர, அப்புறம் மீனு, கடைசியில சோறு," என்றேன்.

"தெரியும் ஆன்டி, கிளினிக்கு அக்காவும் இதேதான் சொன்னாங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் நேராகச் சோற்றில்தான் கை வைத்தாள். ஒரு வாய் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் அக்காவும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு மூவரும் பிளாட்டின் நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தோம். ஊசி குத்திப் பார்க்க ஒரு மணி நேரம் ஆவதற்குள் அக்காவுக்கு எல்லாச் சாமியும் ஞாபகம் வந்துவிட்டது. நம்பர் கிளினிக்கில் சொன்ன எல்லைக்குள், ஏழு புள்ளி எட்டுக்குள்ளேயே வந்தது. அக்கா நம்பவில்லை. மெஷின் தப்பு என்றார். இன்னொரு விரலை நீட்டச் சொன்னார்.

"எம்மா, என் வெரல சல்லடையாக்கிராத," என்றாள் மகள். அந்த வீட்டில் அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் கேட்டேன்.

அதற்குப் பிறகு அக்காவின் முட்டை டப்பா திரும்ப வந்தது. அவருக்குப் பூஜ்யம், மகளுக்கு ஒரு கப். ஒரே அடுப்பில் இரண்டு சமையல். நம்பர் ஒரு நாள் எகிறும், ஒரு நாள் அடங்கும், அக்கா ஒரு நாள் அழுவார், ஒரு நாள் பாடுவார். எடை ஏறத் தொடங்கியது. பந்திங் சம்பந்தியம்மாவின் கோபம் மட்டும் இறங்கவில்லை. மருமகளைப் பட்டினி போட்ட கதை அங்கே ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அக்காவும் மன்னிப்புக் கேட்டு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

இந்த லட்சணத்தில்தான் வளைகாப்பு வந்தது. பந்திங்கில் மண்டபம். தாய்வீட்டிலிருந்து ஏழு வகைச் சோறு வரவேண்டும். யார் வீட்டிலிருந்து? சோற்றோடு பேச்சில்லாத முட்டை அக்கா வீட்டிலிருந்து! புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, எள்ளு, தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று அண்டா அண்டாவாக அக்காவே நின்று கிண்டினார். நாக்கில் வைக்க மாட்டார் என்பதால் உப்புப் பார்க்கிற வேலை எனக்கு. அதை நான் எவ்வளவு கடமையுணர்ச்சியோடு செய்தேன் என்பதை என் மெஷின் மறுநாள் சொன்னது.

மகளுக்கென்று அக்கா தனியாக ஒரு இலை கட்டினார். ஏழு சோறும் உண்டு, ஒவ்வொன்றும் ஒரே ஒரு வாய், சர்க்கரைப் பொங்கல் மட்டும் நெல்லிக்காய் அளவு. ஏழையும் கூட்டினால் அவளுடைய ஒரு வேளைக் கணக்கு. சம்பிரதாயமும் கெடாது, சுகரும் ஏறாது. அந்த யோசனையைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. என் கட்சிக்கு இவ்வளவு மூளை வந்ததில்லை.

மண்டபத்தில் அந்த இலையைப் பார்த்துச் சம்பந்தியம்மா வாயில் கை வைத்தார். நல்ல உயரம், அதற்கேற்ற குரல். "இது என்னா, குருவிக்கு வெச்சதா?" என்றார், நாலு பேர் காதில் விழும்படி. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அதுகூடப் பரவாயில்லை. பந்திங்காரர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. வந்திருக்கிற பெண்கள் ஒவ்வொருவரும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட்டு, அதோடு விடாமல் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் போவார்களாம். அக்கா திரும்பிப் பார்த்தார். வரிசை மண்டப வாசல்வரை நின்றது.

முதல் அத்தை ஊட்டினார், புளிச்சோறு. இரண்டாவது சித்தி, தேங்காய்ச்சோறு. மகள் விழுங்கிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அந்தச் சின்ன இலை தொடாமலே இருந்தது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆசீர்வாதம் செய்ய வருகிற கையைத் தட்டிவிட முடியுமா, அதுவும் இந்த வீட்டில், அதுவும் இந்தப் பெயர் வாங்கிய பிறகு? மூன்றாவதாக ஒரு பெரியம்மா, நல்ல மனசுக்காரர், அண்டாவிலிருந்து நெய் வழிய வழியச் சர்க்கரைப் பொங்கலை உருட்டிக் கைநிறைய எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கை மகளின் வாய்க்குப் போவதற்குள் அக்கா குறுக்கே போய் நின்றுவிட்டார்.

"எனக்கு ஊட்டுங்க," என்றார்.

"என்னாது?"

"எனக்கு ஊட்டுங்க பெரியம்மா. அவளுக்கு அளவு இருக்கு, டாக்டர் சொல்லிருக்காங்க. உள்ள இருக்குறது என் பேரப்புள்ள. எனக்குக் குடுத்தா அதுக்குக் குடுத்த மாதிரிதான். ஒங்க ஆசீர்வாதம் வீணாப் போவாது."

சொல்லிவிட்டு, ஆ என்று வாயைத் திறந்தார்.

இந்த மனுஷியா? இலைமேல் கையைக் கவிழ்த்த இந்த மனுஷியா? பெரியம்மா திகைத்துப்போய், நீட்டிய கையைத் திருப்பி அப்படியே அக்கா வாயில் வைத்தார். அக்கா மென்றார், விழுங்கினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக்கூட இல்லை, அடுத்தவரைப் பார்த்து மறுபடி வாயைத் திறந்தார். எலுமிச்சைச்சோறு. அடுத்தது எள்ளுச்சோறு.

சம்பந்தியம்மா எழுந்து வந்தார். சரி, இன்றைக்குப் போர்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் மருமகளின் மறுபக்கம் போய் நின்று இடுப்பில் கை வைத்தார்.

"எல்லாத்தையும் நீங்களே முழுங்குனா எப்படி சம்பந்தி? எனக்கும் அது பேரப்புள்ளதான். எனக்கும் இனிப்பு நீர்தான், பயப்படாதீங்க. பாதிப் பாதி போட்டுக்குவோம்."

சொல்லிவிட்டு அவரும் வாயைத் திறந்தார். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பிறகு மண்டபமே சிரித்தது. அதற்கப்புறம் வந்த பெண்களெல்லாம் ஒரே ஒரு பருக்கையை மகளின் உதட்டில் தொட்டு வைத்துவிட்டு, மீதியை, இந்தப் பக்கம் ஒரு சம்பந்தி, அந்தப் பக்கம் ஒரு சம்பந்தி என்று மாற்றி மாற்றி ஊட்டினார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் போட்ட வளையலெல்லாம் சலசலத்தன. வரிசை முடிந்ததும் அவள் நிதானமாக அம்மா கட்டிய இலையைச் சாப்பிட்டாள், முதலில் ஊட்டிய இரண்டு வாயைக் கழித்துவிட்டு.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம். கடைசி மாதத்தில் கொஞ்சம் இன்சுலின் தேவைப்பட்டது, அக்கா அதற்கும் தைரியமாக ஊசி பிடித்தார். பெண் குழந்தை, சரியான எடை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள அக்கா வேலையை விட்டுப் பந்திங் போய்விட்டார். அங்கே சம்பந்தியம்மாவை முட்டை தின்ன வைக்கிறார் என்று கேள்வி. அவர் இல்லாத ரயிலில் நான் இப்போதும் போகிறேன். அவரை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது அந்த வளைகாப்பு மண்டபத்தின் பின்பக்கம்தான்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு அக்கா மகளை மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கவைத்தார். நேரம் ஆனதும் கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்து விரலில் குத்தினார். நாங்கள் மூவரும் மெஷின்மேல் தலையை முட்டிக்கொண்டு குனிந்தோம். சம்பந்தியம்மாவும் வந்து எங்கள் முதுகுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஆறு புள்ளி எட்டு!" என்று அக்கா கத்திய கத்தலில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். சம்பந்தியம்மா அக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார்.

நான் புது ஊசி மாட்டி, பட்டையைச் செருகி, மெஷினை அக்கா பக்கம் நீட்டினேன். "இப்ப உங்க வெரலக் குடுங்கக்கா. எத்தன வாய் முழுங்குனீங்க, பாத்துருவோம்."

ஒரு வாய் பால் குடித்தால்கூடக் குத்திப் பார்க்கிற மனுஷி. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எடுத்து உள்ள வைய்யி தங்கச்சி," என்றார், வாயோரம் ஒட்டியிருந்த பருக்கையோடு. "நான் பாக்கவேண்டிய நம்பர பாத்துட்டேன்."